பிறந்த நாள் காலையில் நாலு கலர் வாஃபிள்

"நம்ம வீட்டுல எல்லாமே வெள்ளைதாம்மா!"

என் சின்ன மகள் இப்படிச் சொன்னபோது அவளுக்கு ஒன்பது வயது. தட்டில் இருந்தது இடியாப்பம். மறுநாள் இட்லி; அதற்கு மறுநாள் வெண்பொங்கல். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் தப்பே இல்லை!

அன்று அவள் கோபத்துக்கு வேறு காரணம் இருந்தது. மதுரையில் சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டத்தில் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். வழியில் ஒரு தள்ளுவண்டி. சீவின ஐஸ் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று பாகு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "அது வேணும்" என்றாள். "கூடாது" என்றேன். தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். கூட்டத்தில் எனக்கு என்ன ஆச்சோ தெரியவில்லை, பளாரென்று ஒன்று வைத்துவிட்டேன். அவளை நான் அடித்தது அதுதான் முதல் தடவை. வீடு வந்து சேரும்வரை குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி இடியாப்பத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னதுதான் அந்த "எல்லாமே வெள்ளை."

நான் பயந்ததற்குக் காரணம் உண்டு. 2024 பிப்ரவரியில் ரோஸ் கலர் பஞ்சு மிட்டாயில் 'ரோடமின் பி' என்ற சாயம் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து, தமிழ்நாட்டில் அதற்குத் தடை போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? அது துணிக்குப் போடுகிற சாயம். சாப்பாட்டில் சேர்க்கவே கூடாதது. நம் நாட்டில் உணவில் சேர்க்க அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் மொத்தமே 8 தான். அவற்றுக்கும் அளவு உண்டு. வண்டிக்காரர் ஊற்றுவது எந்த நிறம், எவ்வளவு என்று நாம் எங்கே கண்டோம்? அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து கலர் என்றாலே நான் "கூடாது"தான்.

ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது ஒன்று உறைத்தது. கூடாது என்று நூறு தடவை சொன்ன நான், அதற்குப் பதிலாக ஒன்றை ஒரு தடவையாவது அவள் கையில் கொடுத்தேனா? குழந்தைக்குக் கலர் பிடிக்கும். அது அவள் தப்பு இல்லையே!

காலையில் அவளை மடியில் உட்கார வைத்துக் கேட்டேன். "ஆனி மாசம் உன் பொறந்த நாள் வருதுல்ல? காலைப் பலகாரம் என்ன வேணும், சொல்லு. அம்மா செஞ்சு தர்றேன்."

கொஞ்சம் முறைத்துவிட்டு, "வாஃபிள். கலர் கலரா!" என்றாள்.

பெரியவன் சிநேகிதர்களோடு கடையில் சாப்பிட்டுவிட்டு வந்து அளந்த கதை அது. நல்லவேளையாக, வாஃபிள் அச்சு ஒன்று எங்கள் பரண் மேல் மூன்று வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார் கொண்டு வந்தது. "மதினி, எங்க ஊர் பேக்கரியில எல்லாம் வாஃபிள் பச்சையா இருக்கும். பாண்டான் இலைச் சாறு ஊத்துவாங்க. உள்ளே தேங்காய்ப்பால், முட்டை போட்டுக் கிண்டின 'காயா' ஜாமைத் தடவி மடிச்சுக் கொடுப்பாங்க" என்று அப்போதே சொல்லியிருந்தாள். பாண்டான் என்பது நம் ரம்பை இலைதான்.

வாஃபிள் ஒன்றும் பிரமாதமான வித்தை இல்லை. கட்டம் போட்ட இரண்டு தோசைக்கல்லைக் கீல் வைத்து இணைத்த மாதிரி இருக்கும் அந்த அச்சு. நடுவே மாவை ஊற்றி மூடினால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேகும். ஐரோப்பாவில் பல நூறு வருஷமாக இருக்கிற பலகாரம். அமெரிக்காவில் 1869-லேயே ஸ்வார்த்தவுட் என்பவர் அடுப்பில் வைக்கும் அச்சு ஒன்றுக்கு உரிமம் வாங்கியிருக்கிறார். நமக்கு அச்சு முறுக்கு எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி. ஆனால் எண்ணெயில் பொரிப்பது இல்லை.

முதல் நாள் பட்ட பாடு

பிறந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னால், ஒரு சனிக்கிழமை ஒத்திகை பார்த்தேன். பீட்ரூட்டை அரைத்து மாவில் கலந்ததும் என்ன அழகான நிறம்! உப்பி வரட்டும் என்று ஆப்ப சோடாவை வேறு தாராளமாகப் போட்டேன். அச்சைத் திறந்தால் வாஃபிள் இரண்டாகப் பிளந்து, பாதி மேலே, பாதி கீழே ஒட்டிக்கொண்டு நிற்கிறது! நிறமோ காய்ந்துபோன செங்கல் மாதிரி. சின்னவள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

அத்தைதான் கை கொடுத்தார்கள். "ஏத்தா, இதுவும் இரும்புதான? ஆப்பச்சட்டியைப் பழக்காம ஆப்பம் எடுத்துருவியா?" என்று அச்சை வாங்கிக் கழுவித் துடைத்து, நல்லெண்ணெய் தடவிச் சூடு காட்டி, பாதி வெங்காயத்தால் தேய்த்து ஆற வைத்தார்கள். மூன்று நாள் ராத்திரி இதே வேலை. நாலாவது நாள் மாவு ஒட்டவே இல்லை. (ஒட்டாத பூச்சு உள்ள அச்சுக்கு இந்தப் பாடு வேண்டாம். அதை வெறுமனே சூடாக்கிச் சுரண்டவும் கூடாது.)

நிறம் போனதற்குக் காரணமும் பிறகு பிடிபட்டது. பீட்ரூட் நிறம் சூட்டுக்கும் சோடாவுக்கும் தாங்காது. எலுமிச்சைச் சாறு சேர்த்தால் ஓரளவு நிற்கும். கீரைக்கோ இது நேர்மாறு. புளிப்பு பட்டால் பச்சை மங்கிவிடும். கேரட் சாது, எதற்கும் அசையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், நம் வீட்டு மனுஷர்கள் மாதிரி!

தேவையானவை (சுமார் 8 வாஃபிளுக்கு, கப் என்றால் 240 மி.லி.)

மைதா – ஒன்றரை கப்
கோதுமை மாவு – அரை கப்
பேக்கிங் பவுடர் – 3 டீஸ்பூன், தலை தட்டி
உப்பு – அரை டீஸ்பூன்
சர்க்கரை – 3 டேபிள்ஸ்பூன்
முட்டை – 2
பால் – முக்கால் கப்
உருக்கி ஆற வைத்த வெண்ணெய் – 100 கிராம்
காய், கீரை, பூச் சாறுகள் – நிறத்துக்குக் கால் கப் வீதம்

நிறங்கள்

ரோஸ்: ஒரு சின்ன பீட்ரூட்டைத் துருவி, கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டவும். ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடவும்.

ஆரஞ்சு: ஒரு கேரட்டை வேகவைத்து, பால் விட்டு மைய அரைக்கவும். வடிகட்ட வேண்டாம்.

பச்சை: ஒரு கைப்பிடி பாலக்கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டு, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்து அரைக்கவும். ரம்பை இலை கிடைத்தால் எட்டு இலையை நறுக்கி அரைத்துப் பிழிந்து, அந்தச் சாற்றைக் கீரைக்குப் பதில் ஊற்றலாம். வாசனை தெருக்கோடி வரை போகும்.

கத்தரிப்பூ நிறம்: மருந்து அடிக்காத நீலச் சங்குப்பூ 20 எடுத்து, காம்பும் பச்சைப் பாகமும் கிள்ளிவிட்டு, கால் கப் வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறப் போட்டு வடிகட்டவும். அதில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு. நீலம் கண் முன்னாலேயே ஊதாவாக மாறும். இதைக் குழந்தைகள் கையால் செய்யச் சொல்லுங்கள். மந்திரம் பார்த்த மாதிரி குதிப்பார்கள்.

செய்முறை

மாவு வகைகள், பேக்கிங் பவுடர், உப்பு, சர்க்கரையைச் சேர்த்துச் சலிக்கவும். பால், வெண்ணெய் விட்டுக் கலக்கவும். வடை மாவு மாதிரி கெட்டியாகத்தான் இருக்கும். பயப்படாதீர்கள், பாக்கி ஈரம் சாற்றிலிருந்து வரும். இதில் கால் பங்கைத் தனியாக எடுத்து வைக்கவும். மீதி மாவில் இரண்டு முட்டையின் மஞ்சள் கருவைக் கலந்து மூன்றாகப் பிரிக்கவும். தனியாக எடுத்த பங்கு சங்குப்பூவுக்கு. மஞ்சள் கரு சேர்ந்தால் அது அழுக்குப் பச்சையாகிவிடும். ஒவ்வொரு பங்கிலும் ஒரு சாற்றை விட்டு மெல்லக் கலக்கவும். ரொம்ப அடித்துக் கலக்கினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். கடைசியில் வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து, நாலு பங்கிலும் பிரித்துச் சேர்க்கவும்.

அச்சை மிதமான தீயில் இரண்டு பக்கமும் நன்றாகச் சூடாக்கி, நெய் தடவி, முக்கால்வாசி நிரம்பும்படி மாவு ஊற்றி மூடவும். இரண்டு நிமிஷம், திருப்பிப் போட்டு இரண்டு நிமிஷம். நடுவில் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்! ஆவி வருவது குறைந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். தீயைக் கூட்டினால் நிறம் போய்ச் சிவந்துவிடும். எடுத்ததைக் கம்பித்தட்டில் வையுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் நமுத்துப் போகும்.

முட்டை சேர்க்காதவர்கள் அதற்குப் பதில் அரை கப் கெட்டித் தயிரும் கால் டீஸ்பூன் சோடாவும் சேர்க்கலாம். பச்சை மட்டும் சற்று மங்கலாக வரும்.

மேலே ஊற்ற, ஒரு கப் தட்டின கருப்பட்டியில் அரை கப் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டின பாகு போதும். வாழைப்பழம், மாம்பழம் நறுக்கி வைத்தால் இன்னும் ஜோர்.

பிறந்த நாள் காலை

ஐந்தரைக்கே எழுந்து வந்துவிட்டாள். நாலு கிண்ணத்தில் நாலு கலர் மாவைப் பார்த்ததும் கண் விரிந்தது. ஆனாலும், "இதுல நீ சாயம் போடலையே?" என்று என்னையே கேட்டாள்! "நீதான பூவை ஊறப் போட்டே?" என்றேன். சிரித்துவிட்டாள். திருவிழாவுக்குப் பிறகு என்னைப் பார்த்து அப்படி அவள் சிரித்தது அன்றுதான். "அன்னைக்கு அம்மா அடிச்சது தப்புடா" என்றேன். "வலிக்கல. எல்லாரும் பாத்தாங்க, அதான்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பாட்டுக்கு ரோஸ் மாவைக் கரண்டியில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

அத்தை கேரட் வாஃபிளுக்குக் காரச் சட்னி தொட்டுக்கொண்டு, "அடை மாதிரி நல்லாத்தான இருக்கு!" என்றார்கள். இவர் நாலு கலரிலும் ஒவ்வொன்று சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்கு லேட்டாகப் போனார்.

கவனத்துக்குச் சில

மிச்சமிருந்த பீட்ரூட் சாற்றையும் சின்னவள் குடித்துவிட்டாள். மறுநாள் காலை அத்தை பதறிக்கொண்டு ஓடி வந்தார்கள், "பிள்ளைக்கு ஒண்ணுக்குச் சிவப்பா போகுது!" என்று. டாக்டரிடம் ஓடினோம். அவர் சிரித்துக்கொண்டே, "பீட்ரூட் சாப்பிட்டாளா?" என்றார். சில பேருக்கு அப்படித்தான் போகுமாம், தானாகச் சரியாகிவிடும். ஆனால் பீட்ரூட் சாப்பிடாமலே சிவப்பாகப் போனாலோ, இரண்டு நாளாகியும் நிற்காவிட்டாலோ கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பாகுக்குப் பதில் தேன் ஊற்றுகிற தாய்மார்களே, ஒரு வயசு நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. ஒரு சொட்டுகூட நாக்கில் தடவாதீர்கள்.

வெண்ணெயும் இனிப்பும் சேர்ந்த பலகாரம் இது. பிறந்த நாள், லீவு நாளுக்குத்தான். தினமும் கேட்டால் அதே நிறங்களை இட்லி மாவில் கலந்து ஊற்றுங்கள். எங்கள் வீட்டில் இப்போது இட்லியும் வெள்ளை இல்லை!

அடுத்த சித்திரைத் திருவிழாவிலும் அந்த வண்டி நின்றது. எனக்கு நெஞ்சு படபடத்தது. சின்னவள் அந்தப் பாட்டில்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையை இழுத்து, "அம்மா, அந்தப் பச்சை கீரையில வராதுல்ல?" என்றாள். பக்கத்தில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு நாலு வாங்கிச் சாப்பிட்டோம்.