பழைய எஞ்சினும் ஓர் அமானிதமே

சில காலத்திற்கு முன் எமது உதிரிப்பாகக் கடைக்கு ஒரு விவசாயி வந்தார். கையிலிருந்த உரப் பையைக் கவிழ்த்தார். வோட்டர் பம்ப் எஞ்சின் ஒன்றின் பிளைவீல் மூன்று துண்டுகளாக விழுந்தது. "நாநா, இதுக்கு ஒண்டு எடுக்கேலுமா?" என்று கேட்டார்.

விசாரித்தபோது ஆரம்பப் பழுது மிகச் சிறியது என்று தெரிந்தது. நெருப்புப் பொறி வரவில்லை. பிளைவீலுக்கு உள்ளே இருக்கும் பிளாட்டினம் பொயின்டைத் துப்புரவு செய்தால் போதும். ஆனால் வீல் இறுகியிருந்தது. கழற்றியவர் பெரிய சுத்தியலை எடுத்தார். வீல் உடைந்தது, கிராங் ஷாப்டும் வளைந்தது. மிளகாய்க் கன்றுகள் தண்ணீருக்குக் காய்ந்துகொண்டிருந்தன.

2022ஆம் ஆண்டில் 200 ரூபா அளவிலிருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபா வரை ஏறியபோது, புதிய எஞ்சின் வாங்குவது பலருக்கு எட்டாக்கனியானது. மூலையில் கிடந்த பழைய எஞ்சின்கள் மீண்டும் வெளியே வந்தன. எனவே இந்த வேலையைச் சரியாகச் செய்வது எப்படி என்பதை அறிந்திருப்பது நல்லது.

பிளைவீலைப் பிடித்து வைத்திருப்பது கீ என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஷாப்டின் முனை கூம்பு வடிவானது. வீலின் துளையும் அவ்வாறே. நட்டை இறுக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. சிறிய கீயின் வேலை, பொறி உரிய நேரத்தில் விழும்படி வீலை அதன் இடத்தில் நிறுத்துவது மாத்திரமே. பல வருடத் துருவும் சேர்ந்தால் பிடி மேலும் இறுகிவிடும். இழுவை நேராக, நடுவிலிருந்து கொடுக்கப்பட வேண்டும்.

முதலில் எண்ணெய்க் குழாயை மூடி, பிளக் வயரைக் கழற்றுங்கள். மூடியை அகற்றிய பின் வீலைப் பட்டி ஸ்பனரால் பிடித்துக்கொண்டு நட்டைத் தளர்த்துங்கள். காற்று இறக்கைகளுக்கிடையில் ஸ்குரூ டிரைவரைச் செருகினால் இறக்கை உடையும். சில எஞ்சின்களில் நட்டின் மரை எதிர்ப்பக்கமாக இருக்கும். ஆகவே பலத்தைக் கொடுக்கும் முன் மரையைப் பாருங்கள்.

நட்டை முற்றாகக் கழற்ற வேண்டாம். ஷாப்டின் முனையோடு சமமாக விட்டுவிடுங்கள். மரை பாதுகாக்கப்படும், வீல் திடீரென விடுபட்டாலும் தூக்கி எறியப்படாது. துரு நீக்கும் எண்ணெயைக் கூம்பின் ஓரத்தில் விட்டு ஓர் இரவு வைத்திருங்கள்.

மறுநாள் புல்லரைப் பொருத்துங்கள். பல வீல்களில் இதற்கென்றே நடுவுக்கு அருகில் துளைகள் உண்டு. விளிம்பில் கொளுவி இழுத்தால் வீல் வெடிக்கும். நடு போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். வரவில்லையென்றால் அந்த இறுக்கத்திலேயே விட்டு, போல்ட்டின் தலையில் சிறிய சுத்தியலால் இலேசாகத் தட்டுங்கள். பெரும்பாலும் 'டக்' என்ற சத்தத்துடன் விடுபடும். கடும் நெருப்பு காட்டுவது கூடாது. விளிம்பிலுள்ள காந்தங்கள் பலமிழக்கும், அருகில் எரிபொருளும் இருக்கிறது.

திரும்பப் பூட்டும்போது கீயைக் கவனியுங்கள். பாதி நறுக்குண்ட கீ பொறியின் நேரத்தை மாற்றிவிடும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, அல்லது கயிற்றைக் கையிலிருந்து பறித்துக்கொள்ளும். கூம்பை எண்ணெயின்றித் துடைத்து, நட்டை நன்றாக இறுக்குங்கள். கொயில் வீலுக்கு வெளியே இருந்தால் காந்தத்திற்கும் அதற்கும் இடைவெளி வேண்டும். பல எஞ்சின்களில் அது 0.25 முதல் 0.4 மில்லிமீற்றர் வரையாகும்.

இனி வியாபாரக் கணக்குக்கு வருவோம். ஒரு புல்லரை ஒருமுறை வாங்கினால் பல வருடங்கள் உழைக்கும். வளைந்த ஷாப்டை மாற்றும் செலவு பழைய எஞ்சினின் பெறுமதியையே மிஞ்சிவிடலாம். அதைவிட முக்கியமானது, பழுது பார்க்க நம்மிடம் தரப்படும் பொருள் அமானிதம் என்பதாகும். நமது கையால் உடைந்ததை "ஏற்கனவே உடைந்திருந்தது" என்று சொல்லிக் காசு வாங்குவது ஹலாலான சம்பாத்தியமாகாது. உடைத்தால் உடைத்தேன் என்று சொல்லுங்கள். கருவி இல்லையென்றால் இல்லை என்று சொல்லி, இருப்பவரிடம் அனுப்புங்கள். அன்று ஒரு வேலை கைநழுவும். ஆனால் அந்த வாடிக்கையாளர் உங்களை நம்பித் திரும்பி வருவார்.