சிலையில்லாத சாமியைப் படமெடுப்பது

ஜப்பானின் நாரா பகுதியில் உள்ள ஓமிவா ஷிண்டோ கோயிலில் கருவறைக் கட்டடம் கிடையாது. பின்னால் நிற்கும் மிவா மலைதான் சாமி. அனுமதி வாங்கி மலையேறலாம். ஆனால் அங்கே படமெடுக்கத் தடை. வகயாமாவின் நாச்சியில் 133 மீட்டர் உயர அருவியையே கும்பிடுகிறார்கள். மரத்திலோ பாறையிலோ வைக்கோல் வடம் சுற்றியிருந்தால், அங்கே 'காமி' என்னும் தெய்வம் குடியிருப்பதாக அடையாளம்.

கலைப் புகைப்படக்காரருக்கு இங்கேதான் சிக்கல். அருவியைப் படமெடுத்தால் அருவிதான் விழும்; சாமி எங்கே?

1953இல் இங்கிலாந்தில் பிறந்த புகைப்படக்காரர் மைக்கேல் கென்னா நேரத்தை நீட்டிப் பார்த்தார். பிவா ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் டோரி என்னும் ஷிண்டோ கோயில் வாசலை அவர் கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார். ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு திறந்து மூடினால் அலை உறைந்து நிற்கும். நிமிடக்கணக்கில் திறந்தே இருந்தால், அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தண்ணீர் பனிமூட்டம்போல் ஆகிவிடும். அசையாதது மட்டுமே கூர்மையாக மிஞ்சும். பகலில் இதற்குக் கறுப்பு ஃபில்டர் வேண்டும். பத்து ஸ்டாப் ஃபில்டர் ஒளியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். 1/60 நொடி வேலை 17 நொடியாகும். இருட்டில் வேறொரு தொல்லை: மங்கிய வெளிச்சத்தில் ஃபிலிமின் வேகம் குறையும், கணக்குக்கு மேலேயே காத்திருக்க வேண்டும். கென்னாவின் இரவுப் படங்கள் சில மணிக்கணக்கில் எடுக்கப்பட்டவை.

இந்த உத்தியை இப்போது பலரும் எளிதாக நகலெடுக்கிறார்கள். தண்ணீர் பஞ்சாகிவிட்டால் போதும், 'தெய்விகம்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதைவிட நெருக்கமானவர், 1948இல் டோக்கியோவில் பிறந்த ஹிரோஷி சுகிமோட்டோ. ஆதி மனிதன் கண்ட காட்சியை நாமும் அப்படியே காண முடியுமா என்று கேட்டுக்கொண்டு, 1980இல் 'கடற்காட்சிகள்' வரிசையைத் தொடங்கினார். 8x10 அங்குல ஃபிலிமில் பாதி வானம், பாதி கடல். கரையில்லை, படகில்லை. வெவ்வேறு நாட்டுக் கடல்கள், ஒரே சட்டகம்.

நவோஷிமா தீவின் பழைய கோ-ஓ கோயிலைப் புதுப்பிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது; 2002இல் அந்த வேலை முடிந்தது. சன்னதியிலிருந்து நிலத்தடி அறைக்குக் கண்ணாடிப் படிகள் இறங்கும்படி அமைத்தார். அந்த அறைக்கு வெளியிலிருந்து ஒரு சுரங்க வழி. திரும்பி வரும்போது அதன் வாயில் தெரிவது கடலும் வானமும் மட்டுமே, அவர் படத்தில் இருப்பதுபோலவே. வழி மிகக் குறுகல். பருமனானவர்கள் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும்.