பழைய கமோடு வாங்கப் போகிறீர்களா? முதலில் குழாயை அளந்து பாருங்கள்!

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பார்கள். பழைய கமோடு வாங்கியவர்களில் பலருக்கு இந்தப் பழமொழியின் பொருள் நன்றாகத் தெரியும்.

வீட்டில் மூட்டு வலிக்கார முதியவர் ஒருவர் இருக்கிறார். அவர் உபயோகிக்கும் கமோடில் விரிசல் கண்டுவிட்டது. புதியது வாங்கக் கையில் பணம் போதவில்லை. இடித்த வீட்டுச் சாமான்கள் விற்கும் கடையில் ஒரு கமோடு பளபளவென்று கிடக்கிறது. விலையும் மலிவு. வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியாகிவிட்டது. வைத்துப் பார்த்தால் கமோடின் வாய் ஓரிடம், தரையிலுள்ள குழாயின் வாய் வேறிடம்! இனித் தரையை உடைக்க வேண்டும். கொத்தனார் கூலி, குழாய், சிமெண்டு என்று செலவு ஏறுகிறது. வேலை முடியும் வரை அந்த முதியவர் எங்கே போவார்?

இந்தத் தொல்லையைத் தவிர்க்க ஓர் அளவு நாடா போதும்.

இரண்டு வகை

கழிவு தரைக்குள் இறங்கும் கமோடுக்கு "எஸ் டிராப்" என்று பெயர். பின்புறச் சுவர் வழியாகப் போவது "பி டிராப்". ஒன்று இருந்த இடத்தில் மற்றது நேராகப் பொருந்தாது.

"எஸ்" வகையானால், பூச்சு முடிந்த சுவரிலிருந்து குழாய் வாயின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். நம் நாட்டில் 100, 220, 300 மில்லிமீட்டர் எனப் பல அளவுகள் புழக்கத்தில் உள்ளன. "பி" வகையானால், தரையிலிருந்து குழாயின் நடுப்புள்ளி வரை உயரத்தை அளக்க வேண்டும். அது பெரும்பாலும் 7 அங்குலத்தை ஒட்டி இருக்கும். அளவைக் குறித்துக்கொண்ட பிறகே கடைக்குப் போவது உசிதம். வித்தியாசம் சிறிதாக இருந்தால், மையம் விலகிய இணைப்புக் குழாய் கொண்டு சரிக்கட்டலாம்.

தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்தே வாங்குவது நல்லது. ஒரு கமோடின் தொட்டி வேறொன்றின் துளைகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

தட்டிப் பாருங்கள்

பீங்கானை விரலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல் இருக்கிறது. உள்ளே தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் வாங்க வேண்டாம்.

காரணம் உண்டு. வளைவில் தேங்கி நிற்கும் அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் 1775-ம் ஆண்டில் இந்த வளைவு கொண்ட கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். சுமார் 50 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீர் இந்தக் காவலைச் செய்துவிடுகிறது. விரிசல் வழியே அது கசிந்துவிட்டால் காவலும் போயிற்று.

வாங்கியதைக் கழுவும்போது ஜாக்கிரதை தேவை. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருசேரக் கொட்டக்கூடாது. குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும்.

பொருத்தும் முறை

பழைய கமோடை எடுத்தவுடன் குழாய் வாயில் துணியைச் சுருட்டி அடைக்க வேண்டும். நாற்றம் வராது, கல்லும் மண்ணும் உள்ளே விழாது. கமோடை உட்கார வைக்குமுன் அந்தத் துணியை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்!

முதலில் சும்மா வைத்துப் பார்த்து, ஆடாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். இணைப்பு ரப்பரைப் புதிதாகவே வாங்குங்கள். திருகாணிகளை இருபுறமும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஒரே பக்கம் பலமாக முடுக்கினால் பீங்கான் பிளந்துவிடும்.

நாலைந்து முறை தண்ணீரைத் திறந்துவிட்டு, இணைப்புகளை உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். காகிதம் நனையாவிட்டால் அதன் பிறகு அடிவிளிம்பைப் பூசலாம்.

வீட்டிலுள்ள குழாய் அங்கேயேதான் இருக்கும். அதற்கு ஏற்ற கமோடைத் தேடிப் பிடித்தால், முதியவர் அன்றைக்கே நிம்மதியாக உட்காரலாம். கால் பணச் சுண்டைக்காயும் கால் பணத்தோடு முடியும்.