எதிலிருந்து 25 வீதம்?

போன நோன்புப் பெருநாளைக்குக் கத்தாரிலிருந்து லீவில் வந்த மாமி என் மகளுக்கு ஓர் உடுப்புக் கொண்டுவந்தார். ஷீன் கம்பனியின் உடுப்பு. விலையைக் கேட்டறிந்த மகள், “இவ்வளவு மலிவா எப்படி வாப்பா குடுக்கிறாங்க?” என்றாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிறகு அந்தக் கம்பனியின் காபன் கணக்கை வாசிக்க உட்கார்ந்தேன்.

ஷீன் சீனாவில் தோன்றி இப்போது சிங்கப்பூரைத் தலைமையகமாகக் கொண்டிருப்பது. குவாங்சோ நகரை அண்டிய சிறு தையற்கூடங்களுக்கு ஒரு மாதிரியில் நூறு, இருநூறு உடுப்புக்கள் மட்டுமே முதலில் ஓடர் கொடுக்கும். விற்றால் மேலும் தைப்பார்கள். இதனால் விற்காமல் தேங்குவது குறைவு என்பது கம்பனியின் வாதம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் பொதிகளில் பெரும்பங்கு விமானத்தில் போகிறது. 2023 இல் துணியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பொலியெஸ்ட்டர், அதாவது பெற்றோலியத்திலிருந்து வருவது.

கம்பனிகள் தம் பச்சைவீட்டு வாயுக் கணக்கை ‘ஸ்கோப்’ 1, 2, 3 என்று பிரிக்கும். தானே எரிக்கும் எரிபொருள் முதலாவது. விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாவது. நூல், சாயம், தையல், போக்குவரத்து என மற்றவர் செய்து கொடுப்பதெல்லாம் மூன்றாவது. உடுப்புக் கம்பனிகளுக்கு முதலிரண்டும் கொசுறு மாதிரித்தான். “எங்கள் அலுவலகங்கள் சூரிய மின்சாரத்தில் இயங்குகின்றன” என்று யாராவது சொன்னால், மூன்றாவதைக் கேளுங்கள்.

2022 இல் ஷீன் ஓர் இலக்கை அறிவித்தது: 2030 ஆம் ஆண்டுக்குள் மொத்த உமிழ்வில் 25 வீதம் குறைப்போம். அந்த ஆண்டில் அதன் உமிழ்வு சுமார் 92 இலட்சம் தொன். அடுத்த ஆண்டில் 1 கோடி 67 இலட்சம் தொன். இலங்கை முழுவதும் ஓராண்டில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளிவிடுவதே ஏறத்தாழ 2 கோடி தொன்தான். அந்த 1 கோடி 67 இலட்சத்தில் 38 வீதம் போக்குவரத்தால் மட்டும் வந்தது. இவை கம்பனியே வெளியிட்ட எண்கள். மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கே எனக்கு இலக்கண வகுப்பு ஞாபகத்துக்கு வருகிறது. ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள். “25 வீதம் குறைப்போம்” என்ற வாக்கியத்தில் அந்த வேற்றுமையைக் காணோம். எதிலிருந்து குறைப்பது? எந்த ஆண்டோடு ஒப்பிட்டு? 2023 ஐ அடிப்படை ஆண்டாக வைத்து 25 வீதம் குறைத்தால் மிஞ்சுவது 1 கோடி 25 இலட்சம் தொன். வாக்குறுதி நிறைவேறிவிடும், ஆனால் உமிழ்வு 2022 இல் இருந்ததைவிட 33 இலட்சம் தொன் கூடுதலாக இருக்கும். அடிப்படை ஆண்டு பிந்தப் பிந்த இலக்கு இலேசாகிக்கொண்டே போகும்.

2025 ஓகஸ்டில் இத்தாலியின் போட்டி, சந்தை அதிகாரசபை ஷீனின் ஐரோப்பிய இணையக் கடையை நடத்தும் கம்பனிக்கு 10 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. 2030 இல் 25 வீதம், 2050 இல் பூச்சியம் என்ற பேச்சுத் தெளிவற்றது என்றது சபை. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் உமிழ்வு கூடியிருப்பதையும் சுட்டியது. சூழலுக்கு உகந்தது என்று தனியாக விற்ற உடுப்பு வரிசை முழுவதும் மீள்சுழற்சி செய்யக்கூடியது போன்ற எண்ணத்தை வாங்குபவருக்குத் தந்ததும் குற்றமாகக் காணப்பட்டது. இந்த விற்பனைக்கு 10 இலட்சம் யூரோ சில்லறைக் காசு. என்றாலும், இலக்குப் பேச்சையும் விளம்பரமாக எடுத்து விசாரித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிதாகப் பட்டது.

இதையெல்லாம் மகளிடம் சொன்னபோது கேட்டாள், “அப்ப என்ட உடுப்பு எந்த ஸ்கோப்புல வரும்?”

மூன்றில். கத்தாருக்கு வந்த விமானமும் மூன்றில்தான். கத்தாரிலிருந்து வீட்டுக்கு வந்த மாமிட சூட்கேஸ் மட்டும் கம்பனிட கணக்கிலயே இல்லை.