நொடிக்கு 18.2 முறை நின்று நின்று ஓடிய கணினி... தெரியுமா?

வெள்ளிக்கிழமை மாலை ஒரு பழைய ஐபிஎம் பிசியில் ஏதோ ஒரு நீண்ட கணக்கை ஓடவிட்டு, அணைக்காமல் வீட்டுக்குப் போகிறீர்கள். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் கணினிக்கு இன்னும் சனிக்கிழமை! நடுவில் இரண்டு நாள் எங்கே தொலைந்தது தெரியுமா?

1981-இல் வெளிவந்த அந்த பிசியில் பேட்டரியில் ஓடும் கடிகாரமே கிடையாது. ஒரு டைமர் சிப் நொடிக்குச் சுமார் 18.2 முறை ப்ராசஸரைக் குறுக்கே நிறுத்தும். நிறுத்தும்போதெல்லாம் கணினியின் அடிப்படை நிரலான பயாஸ் எண்ணிக்கையில் ஒன்று கூட்டிக்கொள்ளும். கூட்டல் 15,73,040-ஐத் தொட்டதும் நள்ளிரவு என்று முடிவுகட்டி, ‘நாள் மாறிவிட்டது’ என்று ஒரே ஒரு குறி போட்டுவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். இடையில் எந்த நிரலும் டாஸ் இயங்குதளத்திடம் நேரம் கேட்கவில்லை என்றால், அடுத்த நள்ளிரவிலும் போட்ட குறியின் மேலேயே குறி. மூன்று நள்ளிரவு கடந்தாலும் கணக்கில் ஒரு நாள்தான்!

இப்படி வெளியிலிருந்து வந்து ப்ராசஸரை நிறுத்தும் மின்சைகைக்குத்தான் ஹார்டுவேர் இன்டரப்ட், அதாவது வன்பொருள் குறுக்கீடு என்று பெயர். செய்துகொண்டிருந்த வேலையின் இடத்தைக் குறித்துவைத்து, வந்த சாதனத்தைக் கவனித்து, எதுவும் நடக்காததுபோல் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலுக்கு இதைவிட முக்கியமான வேலை கிடையாது.

அது சரி, அதென்ன 18.2? 10, 20, 50 என்று ஒரு முழு எண் கிடைக்கவில்லையா? இங்கேதான் வேடிக்கை. காரணம் அமெரிக்கக் கலர் டிவி! பிசியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கவும் வசதி வேண்டும் என்று, டிவியின் வண்ணச் சைகையைப்போல் சரியாக நான்கு மடங்கு துடிக்கும் 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை ஐபிஎம் பொருத்தியது. அதை 3-ஆல் வகுத்தால் ப்ராசஸரின் வேகமான 4.77 மெகாஹெர்ட்ஸ். 12-ஆல் வகுத்தால் டைமரின் துடிப்பு, நொடிக்கு 1193182. டைமர் 65,536 வரை எண்ணி ஒரு முறை மணியடிக்கும். வகுத்துப் பாருங்கள், 18.2065 வரும். ஒரே படிகத்தில் எல்லாவற்றையும் முடித்தால் காசு மிச்சம், அவ்வளவுதான் சூட்சுமம். இன்றைக்கும் பிசி வகைக் கணினிகளுக்குக் கர்னல் எழுதுகிறவர்கள் அந்தப் பழைய டைமருக்காக 1193182 என்ற எண்ணைத் தங்கள் நிரலில் எழுதிவைக்கிறார்கள்!

இந்தக் குறுக்கீட்டைக் கண்டு உலகின் மிகக் கூர்மையான நிரலாளர் ஒருவரே அரண்டுபோனார் என்றால் நம்புவீர்களா? எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா! 1957, 58 வாக்கில் நெதர்லாந்தில் எலெக்ட்ரோலாஜிகா எக்ஸ்1 கணினியைச் சக பொறியாளர்கள் வடிவமைத்தபோது, அதில் குறுக்கீட்டு வசதி வேண்டும் என்றார்கள். டைக்ஸ்ட்ராவுக்குத் தூக்கம் போயிற்று. எந்த நொடியில், எந்தக் கட்டளைக்குப் பிறகு குறுக்கீடு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு முறை வந்த பிழையை மறுபடி வரவழைத்துப் பார்க்கவும் முடியாது. மாதக்கணக்கில் தயங்கியவர், கடைசியில் அதற்கான நிரலைத் தானே எழுதி, 1959-இல் அதை வைத்தே டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார்! அதற்கும் முன்பே, 1954-இல், அமெரிக்காவின் டைசியாக் கணினியில் உள்ளீடு, வெளியீட்டுக்கான குறுக்கீடு இருந்தது. அந்த டைசியாக் எங்கே இருந்தது தெரியுமா? லாரி டிரெய்லருக்குள்!

இப்போது உச்சகட்ட விந்தைக்கு வருவோம். இன்டெல் 8086 சிப்பில் மொத்தம் 256 வகைக் குறுக்கீடுகளுக்கு இடம் உண்டு. அதில் 0 முதல் 31 வரை எங்களுக்கே வேண்டும், யாரும் தொடாதீர்கள் என்று இன்டெல் எழுதியே வைத்திருந்தது. ஐபிஎம் என்ன செய்தது? டைமருக்கு 8, கீபோர்டுக்கு 9, ஃபிளாப்பிக்கு 14 என்று அதே தடைப் பகுதியில் குடியேறியது! அப்போது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் 286, 386 சிப்கள் வந்தன. இன்டெல் தான் ஒதுக்கிவைத்த எண்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. 8 என்றால், ஒரு பிழையைக் கவனிக்கப் போன இடத்தில் இன்னொரு பிழை என்னும் பேராபத்து. 14 என்றால் நினைவகப் பக்கம் கிடைக்கவில்லை என்னும் பிழை. விளைவு? புதிதாகக் கர்னல் எழுதுகிறவர் ப்ராசஸரைப் பாதுகாப்பு முறைக்கு (புரொடெக்டட் மோட்) மாற்றி, குறுக்கீடுகளைத் திறந்துவிடுகிறார். டைமர் ஒரு தட்டுத் தட்டுகிறது. கர்னலோ பேராபத்து என்று அலறிச் சாகிறது! ஃபிளாப்பி தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டேன் என்று சொல்ல வந்தால், நினைவகம் கெட்டுவிட்டதாகக் காதில் விழுகிறது!

தப்பிக்க வழக்கமான வழி, குறுக்கீடுகளை வரிசைப்படுத்தி அனுப்பும் 8259 என்ற சிப்பிடம், இனி உன் எண்களை 32-இலிருந்து தொடங்கு என்று கட்டளையிடுவதுதான். அந்த பிசி வம்சத்துக்கு எழுதப்பட்ட லினக்ஸ் முதல் மாணவர்களின் பொழுதுபோக்குக் கர்னல் வரை, அந்தச் சிப்பைத் தொடுகிற எல்லாவற்றிலும் இந்தச் சில வரிகள் உண்டு. ஒரு நிறுவனம் கையேட்டின் ஒரு வரியை மதிக்காமல் விட்டதற்கு ஊரே இத்தனை ஆண்டு அபராதம் கட்டுகிறது. என் கணிப்பில் கணினி வரலாற்றின் விலை உயர்ந்த அலட்சியங்களில் இதுவும் ஒன்று.

அந்த 8259-இன் குணாதிசயம் தனிக்கதை! ஒரு குறுக்கீட்டைக் கவனித்து முடித்ததும் ‘முடிந்தது’ என்று அதற்குச் சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால்? கீபோர்டில் முதல் எழுத்து அழகாகத் திரையில் விழும். இரண்டாவது எழுத்து ஜென்மத்துக்கும் வராது! கர்னல் எழுதப் பழகுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒருமுறை இந்தக் குழியில் விழுந்து எழுந்தவர்கள்தாம். இன்னொன்று, ஆளே இல்லாத குறுக்கீடு! வாசலில் மணியை அடித்துவிட்டு ஓடிவிடும் வாண்டுபோல, ஒரு சாதனம் சைகை காட்டிவிட்டு ப்ராசஸர் திரும்புவதற்குள் சைகையை இறக்கிவிடும். யார் வந்தது என்று ப்ராசஸர் கேட்டால், 8259 தெரியாது என்று சொல்லாது. 7-ஆம் கம்பி என்று கூசாமல் பொய் சொல்லும்! நல்ல கர்னல் அதை நம்பாமல், சிப்பின் உள்பதிவைப் படித்துச் சரிபார்த்துவிட்டு, பொய்யென்றால் ‘முடிந்தது’ சொல்லாமலே திரும்பும்.

ஒரு சிப்பில் 8 கம்பிகள். போதவில்லை என்று 1984-இல் பிசி ஏடியில் இரண்டாவது 8259-ஐ முதலாவதின் 2-ஆம் கம்பியில் தொங்கவிட்டார்கள். எட்டும் எட்டும் பதினாறா? இல்லை, 15! தொங்கவிட ஒன்று செலவாகிவிட்டதே!

இதையும் கேளுங்கள். அந்த ஐபிஎம் பிசியில் இருந்த, 8086-இன் உடன்பிறப்பான 8088 சிப்பின் ஆரம்பகாலப் பிரதிகளில் ஒரு பயங்கர ஓட்டை இருந்தது. திரும்பி வர வேண்டிய முகவரியை எழுதிவைக்கும் ஸ்டாக் எங்கே இருக்கிறது என்பது அந்தச் சிப்பில் இரண்டு பதிவேடுகளில் இருக்கும். ஸ்டாக்கை வேறு இடத்துக்கு மாற்ற, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் மாற்ற வேண்டும். முதலாவதை மாற்றி இரண்டாவதை மாற்றுவதற்குள் ஒரு குறுக்கீடு வந்துவிட்டால், திரும்பும் முகவரி சம்பந்தமில்லாத இடத்தில் போய் விழும், கணினி கவிழும். இன்டெல் சிப்பைத் திருத்தியது: முதல் பதிவேட்டை மாற்றியவுடன் ஒரே ஒரு கட்டளை முடியும் வரை எந்தக் குறுக்கீடும் நுழைய முடியாது. பிரச்சினை தீர்ந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? 2018 மே மாதம் விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று எல்லாத் தரப்பும் அலறியடித்துப் பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டன. அந்த ஒரு கட்டளை நேரக் காவலைப் பல கர்னல்காரர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் சாதாரண நிரல் ஒன்று கர்னலைக் குழப்ப முடிந்தது! பழைய ஓட்டைக்குப் போட்ட ஒட்டு, ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்துப் புதிய ஓட்டையானது!

ஐபிஎம்மை விட்டு வெளியே வாருங்கள், அங்கேயும் அதிசயம்தான். 1982-இன் கமடோர் 64-இல் ‘ரீஸ்டோர்’ என்ற ஒரு விசை மட்டும் மற்ற விசைகளோடு சேராது. யாராலும் தடுக்க முடியாத குறுக்கீட்டுக் கம்பிக்கே அது நேராகப் போகும். சில கணினிகளில் அதை ஓங்கிக் குத்தினால்தான் வேலை செய்யும்! அதே ஆண்டு பிரிட்டனில் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமில் குறுக்கீட்டை விளையாட்டு நிரல்கள் எப்படிக் கைப்பற்றின தெரியுமா? குறுக்கீட்டின்போது தரவுக் கம்பிகளில் எந்த எண் வரும், அதாவது முகவரிப் பட்டியலில் எந்த இடத்தை ப்ராசஸர் படிக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாததால், 257 பைட்டுகளில் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதிவைத்தார்கள். எங்கே போய்ப் படித்தாலும் ஒரே முகவரிதானே கிடைக்கும்! 256 ஏன் போதாது? முகவரிக்கு அடுத்தடுத்து இரண்டு பைட் வேண்டும், கடைசி இடத்தில் படித்தால் ஒன்று குறையும்.

யூனிக்ஸ் வளர்ந்த பிடிபி-11 கணினியில் கடிகாரக் குறுக்கீடு சுவரில் இருக்கும் மின்சாரத்திலிருந்தே வந்தது. அமெரிக்காவில் நொடிக்கு 60, ஐரோப்பாவில் 50. பிளக் மாறினால் கர்னலின் காலமே மாறும்!

மோடம் வைத்திருந்தவர்களின் பாடு? 9600 பிட் வேகத்தில் நொடிக்குச் சுமார் 960 எழுத்துகள் வரும். சீரியல் போர்ட்டைக் கவனிக்கும் பழைய 8250 சிப்பில் ஒரே ஒரு எழுத்துக்குத்தான் இடம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறுக்கீடு, ஒரு மில்லி நொடி தாமதித்தால் எழுத்து காலி! மவுஸை முதல் சீரியல் போர்ட்டிலும் மோடத்தை மூன்றாவதிலும் வைத்தால் இரண்டும் ஒரே 4-ஆம் கம்பியில் முட்டிக்கொள்ளும். மவுஸை நகர்த்தினால் மோடம் தடுமாறும்!

1991-இல் ஹெல்சிங்கியில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டார்வால்ட்ஸ் 386-இல் முதலில் செய்து பார்த்தது என்ன? ஒரு நிரல் திரையில் ‘ஏ’ எழுத்தையும் இன்னொன்று ‘பி’ எழுத்தையும் எழுதிக்கொண்டே இருக்கும். டைமர் குறுக்கீடு வந்தால் மாறி மாறி ஓடும். இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடும் கர்னலின் தொடக்கம் அந்த ஏ, பி வரிசைதான்!

உலகப் புகழ்பெற்ற கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் இருக்கிறதே, ஐபிஎம்மின் டேவிட் பிராட்லி அதை எழுதியது கீபோர்டுக் குறுக்கீட்டைக் கவனிக்கும் நிரலுக்குள்ளேயேதான். அதனால்தான், ஏதாவது ஒரு நிரல் குறுக்கீடுகளை மூடிவிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தால், அந்த மூன்று விசையையும் எத்தனை முறை அழுத்தினாலும் டாஸ் கணினி அசையாது.

உங்கள் கணினி அடுத்த முறை உறைந்து நின்றால் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். அந்தச் சின்ன விளக்கைப் பிசியில் எரியவைப்பது கீபோர்டு அல்ல, குறுக்கீட்டைக் கேட்ட மென்பொருள். விளக்கு மாறினால் கர்னல் உயிரோடு இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள். மாறவில்லையா? பவர் பட்டன்தான் கதி.