கொழுப்பு மாத்திரையும் கெண்டைக்கால் வலியும்

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஆண்டுதோறும் ஜூலை மாதம் நான்கு நாள் நடைப்பயணம் நடக்கிறது. 1909இல் தொடங்கிய வழக்கம். வயதைப் பொறுத்து நாளொன்றுக்கு 30, 40 அல்லது 50 கிலோமீட்டர் நடக்க வேண்டும். சுமார் நாற்பதாயிரம் பேர் கலந்துகொள்ளும் இந்தக் கூட்டத்தில் அறுபதைத் தாண்டியவர்களும் நிறைய. அந்த வயதில் பலர் கொழுப்பு மாத்திரை, அதாவது ஸ்டேட்டின், சாப்பிடுகிறவர்கள்.

அதே ஊரிலுள்ள ராட்பவுட் பல்கலைக்கழக மருத்துவ மைய ஆய்வாளர்கள் இந்த நடையை ஒரு சோதனைக்களமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். சுமார் 100 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினருக்கு ஸ்டேட்டினால் தசைவலி இருந்தது. இன்னொரு குழுவினர் ஸ்டேட்டின் சாப்பிட்டும் வலியில்லாதவர்கள். மூன்றாவது குழுவினர் மாத்திரையே சாப்பிடாதவர்கள். நடைக்கு முன்னும், நடந்த நாட்களிலும் இவர்களுடைய ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள்.

தசை நார்கள் சிதையும்போது கிரியேட்டின் கைனேஸ், மயோகுளோபின் போன்ற பொருட்கள் ரத்தத்தில் கசியும். இத்தனை கிலோமீட்டர் நடந்தால் யாருக்கும் இவை ஏறத்தான் செய்யும். மூன்று குழுவினருக்கும் ஏறின, ஏறக்குறைய ஒரே அளவில். ஏற்கெனவே வலியோடு வந்தவர்களுக்கு வலி முதலிலிருந்தே கூடுதல்தான். ஆனால் நடந்தபின் அந்த வலி ஏறிய அளவு மற்றவர்களுக்கு ஏறியதைப் போலவே இருந்தது. 2023இல் வெளிவந்த இந்த முடிவை நம் ஊர் நடைப்பயிற்சிக்காரர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். "இந்த மாத்திரை போட்டதிலிருந்து கால் இழுக்குது" என்று சொல்லி மாத்திரையை நிறுத்துகிறவர்களும், மாத்திரையைத் தொடர்ந்துகொண்டு நடையை நிறுத்திவிடுகிறவர்களும் இங்கே ஏராளம். இரண்டுமே இதயத்துக்குக் கேடு.

பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சை வகைகளைச் சலித்து, 1973இல் முதல் ஸ்டேட்டினைக் கண்டெடுத்தார். கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியின் முக்கியமான ஒரு படியை அது அடைக்கிறது. அதே உற்பத்திப் பாதையில்தான் செல்களின் ஆற்றலுக்கு வேண்டிய கோ-என்சைம் கியூ10 என்ற பொருளும் உருவாகிறது. அது குறைவதால்தான் தசை தளர்கிறது என்ற கருத்து நெடுநாளாக இருக்கிறது. நைமேகனில் அதையும் அளந்தார்கள். அதன் அளவுக்கும் தசைச் சிதைவுக்கும் தொடர்பு தென்படவில்லை. ஆனால் செரிவாஸ்டேட்டின் என்ற மாத்திரை கடுமையான தசைச் சிதைவையும் மரணங்களையும் உண்டாக்கியதால் 2001இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது உண்மை. இப்போது புழக்கத்திலுள்ள அட்டோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின் ஆகியவற்றில் அத்தகைய சிதைவு மிக மிக அரிது.

அப்படியென்றால் இத்தனை பேருக்கு ஏன் வலிக்கிறது? லண்டனில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு வியப்பூட்டும் விடை தந்தது. பக்கவிளைவால் ஸ்டேட்டினைக் கைவிட்ட 60 பேரிடம் பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு புட்டிகள் கொடுத்தார்கள். நான்கில் அட்டோர்வாஸ்டேட்டின், நான்கில் மருந்தில்லாப் போலி மாத்திரை, நான்கு வெறும் புட்டிகள். மாத்திரை இருந்த மாதங்களில் எது மருந்து, எது போலி என்று அவர்களுக்குத் தெரியாது. போலி மாத்திரை மாதங்களிலும் ஏறக்குறைய அதே அளவு தொல்லை இருந்தது. ஸ்டேட்டின் தந்த தொல்லையில் சுமார் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது! வலி நிஜம்தான், அதை நினைத்துக்கொண்டார்கள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. வலிக்கும் என்ற எதிர்பார்ப்பே உடலில் வலியை மூட்டிவிடும். முடிவை அவர்களுக்கு விளக்கிய பிறகு பாதிப் பேர் மீண்டும் மாத்திரையைத் தொடங்கினார்கள்.

எதிர்ப்பக்கச் சான்றையும் சொல்ல வேண்டும். 2013இல் அமெரிக்காவில் உடல் பருமன் உள்ளவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் உடற்பயிற்சி கொடுத்தார்கள். சிம்வாஸ்டேட்டினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களின் உடல்திறன் சுமார் ஒன்றரை சதவீதமே கூடியது. பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குப் பத்து சதவீதம். சிறிய ஆய்வுதான், இருந்தும் புறக்கணிக்க முடியாது. பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களிலும் ஸ்டேட்டின் சாப்பிட்டவர்களுக்குக் கிரியேட்டின் கைனேஸ் கூடுதலாக ஏறியது. ஆகவே திடீரென்று கடும் ஓட்டத்தில் இறங்குவது வேறு, தினமும் சுறுசுறுப்பாக நடப்பது வேறு.

மாத்திரை, உடற்பயிற்சி இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடித்தவர்களுக்கு என்ன ஆயிற்று? கொலஸ்ட்ரால் கோளாறுள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க முன்னாள் படைவீரர்களைச் சுமார் பத்தாண்டுகள் கவனித்தார்கள். மாத்திரையும் எடுத்து, நல்ல உடல்திறனும் கொண்டிருந்தவர்களிடமே மரணம் மிகக் குறைவாக இருந்தது. என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

நம்மவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ரோசுவாஸ்டேட்டினின் அளவு ஆசியர்களின் ரத்தத்தில், இந்தியர்கள் உட்பட, வெள்ளையர்களைவிடச் சுமார் இருமடங்கு இருக்கும். அமெரிக்காவில் ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்குமாறு மருந்துக் குறிப்பே சொல்கிறது. பெரிய அளவு எழுதப்பட்டு வலி வந்தால், அளவைக் குறைக்கவோ வேறு ஸ்டேட்டினுக்கு மாற்றவோ முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு சுரப்புக் குறைவும் தசைவலியைக் கூட்டும். அதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் சில ஸ்டேட்டின்களின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால், வேறு நோய்க்கு மருந்து வாங்கும்போதும் கொழுப்பு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

பழக்கமில்லாதவர்கள் மலையிறங்கினாலோ, நிறைய மாடிப்படி இறங்கினாலோ அடுத்த இரண்டு மூன்று நாட்கள் தொடை கடுப்பது இயல்பு. அந்த நேரத்தில் ரத்தப் பரிசோதனை செய்தால் கிரியேட்டின் கைனேஸ் ஏறித்தான் இருக்கும். பழி மாத்திரையின் மேல் விழும். சில நாள் கழித்துப் பரிசோதியுங்கள். தசை பலவீனத்தோடு சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்காதீர்கள்: மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.