நிழல் கேட்கும் ஊதா ரோசா

எங்கள் தோட்டத்துப் படலைக்கு மேலே வளைந்து நிற்கும் கொடிரோசா வருடத்தில் ஒரு தடவைதான் பூக்கும். ஜூன் நடுப்பகுதியில் தொடங்கினால் ஜூலை முதற் கிழமைகளோடு முடிந்துவிடும். பெயர் ஃபைல்ஷன்பிளௌ. “வருசம் முழுக்கப் பூக்கிற சாதி எத்தனையோ இருக்க, ஏன் அக்கா இதை வைச்சிருக்கிறியள்?” என்று தோட்டத்துக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. ஜூன் மாதத்தில் வந்து போனவர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

நாங்கள் இருப்பது ஜேர்மனியில், டோட்முண்ட் நகரத்தில். அடுக்குமாடி வீடுகளில் வாழும் குடும்பங்களுக்கு நகரத்தின் ஓரங்களில் துண்டு துண்டாக நிலம் பிரித்துக் குத்தகைக்குக் கொடுப்பது இந்த நாட்டின் பழைய வழக்கம். கிளைன்கார்ட்டன் என்பார்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு துண்டு 400 சதுர மீற்றரைத் தாண்டக் கூடாது. உள்ளே போடும் கொட்டில் 24 சதுர மீற்றருக்குள் அடங்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நிலத்திலாவது காய்கறியும் பழமும் விளைய வேண்டும். வளவுக்குள் கறிக்குப் பிடுங்கிச் சமைத்துப் பழகிய எங்களுக்கு அது ஒரு சுமையே இல்லை. போஞ்சி, பூசணி, உருளைக்கிழங்கு, வெந்தயக்கீரை, கண்ணாடிக் கூண்டுக்குள் பச்சைமிளகாய் என்று போட்டுவிட்டால் பூவுக்கென்று மிஞ்சுவது வேலியும் படலையும்தான். அதனால்தான் கொடிரோசா. ஒரு முழ நிலம் கொடுத்தால் போதும், நாலு மீற்றருக்கு மேல் ஏறிப்போய் ஆகாயத்தில் இடம் பிடித்துக்கொள்ளும்.

ஃபைல்ஷன்பிளௌ இந்த மண்ணிலேயே பிறந்த ரோசா. ஜப்பானிலிருந்து பிரித்தானியாவுக்கு வந்து 1893இல் விற்பனைக்குப் போன ‘கிரிம்சன் ராம்ப்ளர்’ என்ற சிவப்புக் கொடிரோசா அந்தக் காலத்தில் ஐரோப்பா எங்கும் வேலிகளில் ஏறியிருந்தது. அதற்கு வாசம் கிடையாது, சாம்பல் நோயும் சுலபமாகப் பிடிக்கும். அதைத் தாய்ச்செடியாக வைத்து ஹேர்மன் கீஸ என்பவர் உண்டாக்கிய ஊதா நிறப் பிள்ளையை, ஏர்ஃபுர்ட் நகரத்தில் இருந்த ஜே. சி. ஷ்மிட் நாற்றுப்பண்ணை 1909இல் வெளியிட்டது. நீல ரோசா என்றே விளம்பரம் செய்து விற்றார்கள். உண்மையில் நீல ரோசா என்று ஒன்று இயற்கையில் இல்லை. பூக்களுக்கு நீலம் கொடுக்கும் டெல்பினிடின் என்ற நிறப்பொருளைச் செய்யும் நொதியம் ரோசாவின் உடம்பில் கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பான்சிப் பூவின் மரபணுவை ரோசாவுக்குள் செலுத்தி 2009இல் ஒரு ‘நீல’ ரோசாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் கண்ணுக்கு மங்கிய ஊதாதான்.

எனக்கு நீலம் வேண்டியதில்லை. இந்த ஊதா போதும். மொட்டு கருஞ்சிவப்பாக வரும். விரிந்த அன்று நல்ல நாவற்பழ நிறம். நடுவில் வெள்ளைப் பொட்டு, அதற்குள் மஞ்சள் மகரந்தக் குஞ்சம், சில இதழ்களில் வெள்ளைக் கோடு. இதழ் முதிர முதிர அதன் சாற்றில் அமிலத்தன்மை குறைகிறது, உள்ளிருக்கும் சிவப்பு நீலப் பக்கம் சாய்கிறது. மூன்றாம் நாள் கத்தரிப்பூ நிறம், உதிரப் போகும்போது சாம்பல் கலந்த ஊதா. ஒரே கொத்தில் இத்தனை நிறமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒவ்வொரு பூவும் மூன்று சென்ரிமீற்றர் அகலம்தான், ஆனால் ஒரு கொத்தில் முப்பது கூட இருக்கும்.

அந்த நிறம் நிலைக்க வேண்டுமானால் நிழல் வேண்டும். ரோசா என்றால் முழு வெயில் என்று எல்லோரும் சொல்வார்கள். பொதுவாக அது சரி. இந்தச் சாதிக்கு மட்டும் நடுப்பகல் வெயில் ஆகாது, இரண்டே நாளில் வெளிறிப்போகும். எங்கள் படலைக்குக் காலை வெயில் நன்றாக விழும். மத்தியானத்துக்குப் பிறகு அடுத்த தோட்டத்துச் செரி மரத்தின் நிழல் வந்துவிடும். இதைவிட நல்ல இடம் இந்த ரோசாவுக்குக் கிடைக்காது. வெயில் குறைந்த மூலையில் என்ன வைப்பது என்று தெரியாமல் வெறுமனே விட்டிருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

வாசத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பெரிய கடை ரோசாக்களில் மணம் இதழில் இருக்கும், மூக்கை உள்ளே கொண்டுபோக வேண்டும். இந்தக் குடும்பத்துக் கொடிரோசாக்களில் மகரந்தக் குஞ்சமும் மணக்கும், அந்த மணம் காற்றில் மிதக்கும். பச்சை அப்பிளை அப்போதுதான் வெட்டியது போன்ற, இனிப்பும் புளிப்பும் சேர்ந்த வாசம். இரவு மழை பெய்து காலையில் இளவெயில் வந்தால், படலைக்குப் பல அடி தள்ளி நடைபாதையில் போகிறவர்கள்கூட நின்றுவிடுவார்கள். பூ திறந்த பூவாக இருப்பதால் தேனீக்களுக்கும் அங்கே நாள் முழுக்க வேலை.

நடுவதற்கு நல்ல காலம் ஒக்டோபர் கடைசியும் நவம்பரும். அந்த நேரம் மண் இல்லாத வெறும் வேர்ச் செடிகள் மலிவாகக் கிடைக்கும். ஒரு இரவு வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, வேர் மடியாத ஆழத்துக்குக் குழி வெட்ட வேண்டும். செடி ஒட்டிய கணு மண்ணுக்கு ஐந்து சென்ரிமீற்றர் கீழே போக வேண்டும். பனிக்காலத்தில் மேலே உள்ள கொப்பெல்லாம் பட்டுப்போனாலும் அந்தக் கணு பிழைத்திருந்தால் செடி திரும்பவும் வரும். முதல் குளிருக்கு அடியில் மண்ணைக் குவித்து மூடிவிடுங்கள். குழிக்குள் பசளை போடாதீர்கள், வேர் முதலில் தானே தேடிப் போகட்டும். பழைய ரோசா நின்ற இடத்தில் புதிய ரோசாவை வைக்கக் கூடாது, அந்த மண்ணில் அது சோர்ந்தே நிற்கும். வீட்டுச் சுவரோடு ஒட்டியும் வைக்க வேண்டாம். காற்றோட்டம் இல்லாத இடத்தில் சாம்பல் நோய் வரும். வசந்தத்தில் குருத்தில் மொய்க்கும் அழுக்கணவனுக்கு நான் மருந்து அடிப்பதில்லை. பொறிவண்டுகள் வரும்வரை பொறுத்தால் அவையே பார்த்துக்கொள்ளும்.

கொப்பை நேராக மேலே விட்டால் நுனியில் மட்டும்தான் பூ வரும். நுனிக் குருத்தில் சுரக்கும் ஒக்சின், கீழே உள்ள அரும்புகளை விழிக்க விடாமல் அடக்கி வைக்கிறது. கொப்பைப் பக்கவாட்டில் சாய்த்துக் கட்டினால் அந்த அடக்குமுறை தளர்ந்து, கணுவுக்குக் கணு சின்னக் கிளைகள் வெடித்து, ஒவ்வொன்றும் ஒரு கொத்துப் பூக்கும். வேலியில் படுக்கையாகவும், வளைவின் காலில் சுற்றிச் சுற்றியும் சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டுகிறோம். முள் மிகக் குறைவு என்பதால் என் பேத்தியும் சேர்ந்து பிடிப்பாள்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். இங்கே ஃபோர்சித்தியாச் செடி மஞ்சளாகப் பூக்கும்போது ரோசாவை வெட்டுவது வழக்கம். புதர் ரோசாவுக்கு அது பொருந்தும். இந்தச் சாதி போன வருடத்துக் கொப்பில்தான் பூக்கும், மார்ச்சில் வெட்டினால் அந்த ஜூனையே வெட்டி எறிந்ததாகிவிடும். செரி மரத்துக்குச் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, முதல் வருடமே இதை எனக்குச் சொல்லித் தந்தார். பூ முடியும்வரை கத்தரியைத் தொடாதே என்றார். அந்த ஒரு சொல்லை எத்தனை பேருக்குக் கடத்தியிருப்பேன்! போன வைகாசியில் பக்கத்து ஊர்ச் சிநேகிதி ஒருத்தி தொலைபேசியில் அழாத குறை. “அக்கா, எல்லாத்தையும் வெட்டிப்போட்டன், ஒரு மொட்டும் வரேல்லை.” “பயப்பிடாதை, இந்த வருசம் வளர விடு, வாற வருசம் பூக்கும்” என்றேன். பூ முடிந்த ஜூலையில், மிகவும் முற்றிய இரண்டொரு கொப்பை அடியோடு எடுத்துவிட்டு, அடியிலிருந்து கிளம்பும் பச்சைக் கொப்புகளை அதே இடத்தில் கட்டிவிட வேண்டும். அவைதான் அடுத்த ஜூன்.

ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் திருவிழாவும் கோடையின் தொடக்கத்தில்தான் வரும். தேர் ஓடி, டட்டல்ன் – ஹாம் கால்வாயில் தீர்த்தமாடும் அந்த விழாவுக்கு நாடெங்குமிருந்து எங்கள் சனம் கூடும். இந்த ரோசா சரத்துக்கு ஆகாது, இதழ் உதிர்ந்துவிடும். அதனால் உதிரியாக ஒரு தட்டு நிறையக் கொண்டுபோகிறோம்.

ஜூலையில் வெட்டிய கொப்புகளை எறிய வேண்டாம். பூக்காத, பென்சில் பருமனான துண்டுகளை மூன்று நான்கு கணுவோடு நறுக்கி, நிழலில் ஈரமண்ணில் குத்தினால் சுலபமாக வேர்விடும். நூறு வருடம் கடந்த சாதி, யாருடைய உரிமையும் அதன் மேல் இல்லை, தாராளமாகப் பெருக்கிக் கொடுக்கலாம். என் படலையிலிருந்து போன கன்றுகள் இப்போது எங்கள் ஆட்களின் பல வேலிகளில் நிற்கின்றன. வைப்பதற்கு முன் வளர்ந்த செடியைப் பார்க்க விரும்புகிறவர்கள் சாங்கர்ஹவுசன் ரோசாத் தோட்டத்துக்குப் போகலாம். 1903இல் தொடங்கிய அந்தத் தோட்டத்தில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட ரோசாச் சாதிகள் இருக்கின்றன, இதுவும் உண்டு. ஜூன் கடைசியில், வெயில் ஏறுவதற்கு முன்னால் போங்கள்.